அமினோத் தொகுதி கைமாறும் அறை

நண்பர்களே, இலையின் செல் ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று உருவங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். பெரிதாகப் பசுங்கணிகம். பக்கத்தில் மடிப்பு மடிப்பாக மைட்டோகாண்ட்ரியா. இரண்டையும் உரசிக்கொண்டு, ஒற்றைச் சவ்வு போர்த்திய ஓர் உருண்டை. அதற்குள் சில சமயம் கட்டம் போட்டதுபோல் ஒரு படிகமும் தெரியும். உருண்டை பெராக்சிசோம். படிகம் கேட்டலேஸ் நொதி. இந்த உருண்டைக்கும் அமினோ அமிலங்களுக்கும் என்ன உறவு என்பதுதான் இன்றைய பேச்சு.

1954இல் சுண்டெலியின் சிறுநீரகத்தில் இப்படிப்பட்ட உருண்டையைக் கண்டபோது 'நுண்ணுடல்' என்றுதான் பெயர் வைத்தார்கள். வேலை என்னவென்று தெரியாதபோது வைக்கிற பெயர் அது! பெராக்சிசோம் என்ற பெயர் 1960களில் செல் ஆய்வாளர் டி டுவே கொடுத்தது. 1968இல் டோல்பெர்ட் குழுவினர் ஸ்பினாச் இலையிலிருந்து இதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். தாவரக் கதை அங்கிருந்து சூடுபிடிக்கிறது.

கதையின் மூலம் ரூபிஸ்கோவின் தடுமாற்றம். கார்பன் டைஆக்சைடைப் பிடிக்க வேண்டிய அந்த நொதி, மிதமான வெப்பத்தில் ஏறக்குறைய நாலு தடவைக்கு ஒரு தடவை ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. விளைவு, கிளைகாலேட் என்ற இரண்டு கார்பன் சரக்கு. பசுங்கணிகத்துக்கு அது உதவாது, பெராக்சிசோமுக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே கிளைகாலேட் ஆக்சிடேஸ் அதைக் கிளையாக்சிலேட்டாக மாற்றுகிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கிறது. அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கத்தான் கேட்டலேஸ் அவ்வளவு குவிந்திருக்கிறது.

சரி, அமினோ அமிலம் எங்கே வருகிறது? இங்கேதான். கிளையாக்சிலேட் வெளியே கசிந்தால் ரூபிஸ்கோவின் செயல்பாட்டையே அது குறைக்கும். அதனால் உடனே ஓர் அமினோத் தொகுதியை, அதாவது நைட்ரஜன் உள்ள ஒரு சிறு அணுக்கூட்டத்தை, அதன் தலையில் கட்டி, கிளைசின் என்ற அமினோ அமிலமாக்கி அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு அமினோமாற்று நொதிகள் உண்டு. ஒன்று குளுட்டமேட்டிடமிருந்து வாங்கிக் கொடுக்கும், மற்றது செரினிடமிருந்து. இவை இரண்டும் அமினோ அமிலங்கள்தான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு கிளைசின்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகின்றன. அங்கே அவை சேர்ந்து ஒரு செரின் ஆகின்றன. ஒரு கார்பன் டைஆக்சைடும் ஓர் அம்மோனியாவும் கழன்றுபோகின்றன. நாலு கார்பனில் மூன்று தப்பியது. அந்தச் செரின் பெராக்சிசோமுக்கே திரும்பிவந்து, தன் அமினோத் தொகுதியை அடுத்து வரும் கிளையாக்சிலேட்டிடம் கொடுத்துவிடுகிறது. கழன்ற அம்மோனியாவைப் பசுங்கணிகம் பிடித்து மறுபடி குளுட்டமேட்டாக்குகிறது, அதுவும் இங்கேயே வருகிறது. இப்படிப் போன இரண்டு நைட்ரஜனும் இரண்டு வழியாகத் திரும்பிவிடுகின்றன. கார்பன் வீணாவதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இந்த நைட்ரஜன் சுற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

செரினிடமிருந்து வாங்கும் நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1980இல் சோமர்வில், ஆக்ரன் என்ற ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட அரபிடாப்சிஸ் செடியைக் கண்டுபிடித்தார்கள். அரபிடாப்சிஸ் என்பது ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் ஒரு சிறு செடி. 1 சதவீதக் கார்பன் டைஆக்சைடு உள்ள காற்றில் அது நன்றாகவே வளர்ந்தது. அந்தச் சூழலில் ரூபிஸ்கோவுக்குத் தடுமாற வாய்ப்பே குறைவு. சாதாரணக் காற்றுக்கு மாற்றி வெளிச்சத்தில் வைத்தார்கள். செரினும் கிளைசினும் தேங்கின, ஒளிச்சேர்க்கை சரிந்தது. நாமெல்லாம் சுவாசிக்கும் அதே காற்று அந்தச் செடிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெராக்சிசோமுக்கு வேறு சில்லறை வேலைகளும் உண்டு. வேலின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் பாதையில் ஒரு படி இங்கே நடக்கிறது. பாலிஅமீன்களை உடைக்கும் நொதிகள் சிலவும் இங்கே இருக்கின்றன. அதற்குள் இன்று போக நேரமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். அமினோத் தொகுதியைக் கொடுத்த செரின் ஹைட்ராக்சிபைருவேட்டாகிறது. அதைக் கிளிசரேட்டாக்கும் நொதியும் பெராக்சிசோமில்தான் இருக்கிறது. அதை நீக்கினால் செடி தத்தளிக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அரபிடாப்சிஸ் சாதாரணக் காற்றிலும் பெரிய கோளாறின்றி வளர்ந்தது. செல்லின் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் திரவமான சைட்டோசாலில் இன்னொரு நொதி அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததை 2008இல் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்து நீக்கியபோதுதான் செடி தள்ளாடியது. ஆக, கடைசிப் படிக்கு வெளியே ஓர் ஆள் தயாராக நிற்கிறது. அமினோத் தொகுதியைச் செரினிடமிருந்து வாங்கும் அந்த நொதிக்கோ, சோமர்வில் செடியைப் பார்த்தால் தெரிகிறது, மாற்றாள் யாருமில்லை.