தீர விசாரிக்க ஓர் இடம் வேண்டும்

(சேலம் அம்மாபேட்டையில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, ஜமாஅத்தின் மூத்த பெரியவர் அவர்களே, நான்கு ரோட்டிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வேலைகளை விட்டுவிட்டு எனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கிய குருக்கள் ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தம்பி அவர்களே, நாற்காலி போட்ட பிள்ளைகளே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தையார் தறி ஓட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பழமொழியை நாள் தவறாமல் சொல்லுவார்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். மதத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் ஏன் பகை வருகிறது என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று பேருடைய கடமையைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று கேட்பவர் கடமை, இரண்டு பதில் சொல்பவர் கடமை, மூன்று நடுவில் நின்று பரப்புகிறவர் கடமை.

என் வாழ்க்கையில் நடந்ததையே சொல்கிறேன். சென்ற நோன்புப் பெருநாள் அன்று எட்டு வயதுப் பேத்தியை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போனேன். ஒரு பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. புதுச்சட்டை, தொப்பி, அத்தர் வாசனை. ஒருவரையொருவர் கட்டித் தழுவுகிறார்கள். பார்க்கவே மனம் நிறைந்தது. பேத்தி முதுகைத் தட்டிக் கேட்டாள்: "தாத்தா, இவங்க வீட்டுப் பாட்டியெல்லாம் எங்க?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் எப்போது விடுவார்கள், குப்பை வண்டி வந்ததா, இவைதான் அதில் வரும். நாற்பது ஆண்டாக என் நண்பராக இருக்கும் பாய் அதில் இருக்கிறார். அன்று இரவு அவரிடம் கேட்டு இரண்டு செய்தி போட்டேன். முதல் செய்தி: "பாய், பெருநாள் வாழ்த்துகள். பேத்தி ஒன்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்." இரண்டாவது: "உங்கள் பள்ளிவாசலில் பெண்களை ஏன் விடுவதில்லை?"

யாரோ அந்த இரண்டாவது செய்தியை மட்டும் படம் பிடித்து வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். வாழ்த்து இங்கேயே நின்றுவிட்டது. கேள்வி மட்டும் ஊர் சுற்றியது. பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. "பெருநாள் அன்னைக்குத்தான் இதைக் கேக்கணுமா?" என்கிறார். காலையில் பாயின் மகன் தெருவில் எதிரே வந்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அதையாவது தாங்கிக்கொண்டேன். டீக்கடையில் ஒருவர் என் தோளைத் தட்டி, "சரியாக் கேட்டீங்க வாத்தியாரே, இன்னும் நாலு கேளுங்க" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் யாருக்கு எதிராகவும் கேட்கவில்லையே!

சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போனேன். பாய் பேசவில்லை. அவர் மனைவிதான் சேமியா பாயசம் கொண்டுவந்து வைத்தார். "அண்ணே, பொண்ணுங்க பள்ளிக்கு வர்றதைத் தடுக்காதீங்கன்னுதான் நபிகள் சொல்லியிருக்காங்க. வீட்ல தொழுதாலும் எங்களுக்கு நன்மைதான். சில ஊர்ல பொண்ணுங்களுக்குத் தனி இடம் இருக்கு. இங்கேயும் வேணும்னு நாங்களே கேட்டுட்டுத்தான் இருக்கோம்" என்றார். சொல்லிவிட்டு, "இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. மாசத்துல அந்த நாள்ல உங்க வீட்டு அண்ணி மாரியம்மன் கோயிலுக்குப் போவாங்களா? ஏன் போறதில்லை?" என்றார்.

நான் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுத் திருமண வாழ்க்கை. என் மனைவியிடம் ஒரு நாளும் இதை நான் கேட்டதில்லை. அம்மனே பெண்தானே என்று என் பேத்தி நாளைக்குக் கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் பாய் வாய் திறந்தார்: "வாத்தியாரே, பாப்பா 'எங்க'ன்னு கேட்டா. நீங்க 'ஏன் விடுறதில்லை'ன்னு எழுதிட்டீங்க." கேள்விக்குள்ளேயே நான் ஒரு தீர்ப்பை வைத்திருக்கிறேன், ஐயா. விசாரிக்காமலே, கண்ணால் கண்டதை வைத்துத் தீர்ப்பு! கேட்பவர் கடமை என்று நான் சொல்ல வந்தது இதுதான்.

மறுநாள் நம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து பழைய நாளிதழ்களைத் தேடினேன். பள்ளிவாசலில் தொழுவதற்குப் பெண்கள் வரத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. கேட்பதற்கு முன்பே அந்த அரை மணியைச் செலவழித்திருக்கலாம்.

நம் மாவட்டத்துப் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறதே, அது முனியப்பனா புத்தரா என்று 2011-இல் வழக்குப் போட்டார்கள். எவ்வளவு சூடான கேள்வி! தெருவில் நின்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராயச் சொன்னது. தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது என்று அறிக்கை வந்தது. துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருப்பதும் தெரிந்தது. புத்தர் சிலைதான் என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அங்கே தலைமுறையாகக் கும்பிட்டவர்களின் வருத்தமும் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் தீர விசாரித்தார்கள். பதினோரு ஆண்டு விசாரித்தார்கள்.

பரப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிறர் மத உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்று 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-அ பிரிவு வந்தது; 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய சட்டத்தின் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தச் சட்டமே "வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு" செய்தாரா என்று பார்க்கச் சொல்கிறது. காவல் துறையும் நீதிபதியும் நோக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது, நீங்கள் ஒரு வரியைப் பார்த்தவுடனே தேடாமல் முடிவு கட்டிவிடுகிறீர்கள். கேட்டறியும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவில் 1976-இல் சேர்த்தார்கள். கேட்பது கடமை என்றால் கேட்க ஓர் இடம் வேண்டாமா?

பதில் சொல்பவர் கடமையை விரிக்க நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். எனக்கு வேண்டியது அந்த இடம். சின்னச் சின்னக் கேள்விக்கெல்லாம் உயர் நீதிமன்றம் போக முடியாது. முகம் பார்த்து, குரல் கேட்டு, முதல் வரியையும் இரண்டாவது வரியையும் சேர்த்துக் கேட்க ஒரு கூடம் வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது. நம் கிளை நூலகத்தின் மாடிக் கூடம் உடைந்த அலமாரிகளை அடைத்துப் பூட்டிக் கிடக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் நாம் கட்டுகிறோம். மாமன்ற உறுப்பினர் அம்மையாரை இந்த மேடையில் இருந்தே கைகூப்பிக் கேட்கிறேன். அந்தக் கூடத்தைத் திறக்க வழி செய்யுங்கள். மாலை எட்டு மணி வரை விளக்கு எரியட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு குருக்களும் ஹஜ்ரத்தும் அருட்தந்தையும் கேள்வியே கடவுள் என்கிற நம் பகுத்தறிவுத் தோழர்களும் ஒரே பாயில் உட்காரட்டும். எழுதிக் கேட்காதீர்கள், எழுந்து நின்று கேளுங்கள். பெண்கள் முதலில் கேட்கட்டும்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து பாயின் மனைவி போட்டது, இரண்டாவது என் மனைவி போட்டது. காலையில் எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. பாயின் மகன்தான் பேனாவோடு அங்கே நிற்கிறான். போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.