பக்கம் எந்த இடத்தில் நிற்கிறது?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் காலை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிள்ளைகள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "நெட் சரியில்லை" என்கிறோம். பல சமயம் நெட் மீது தவறே இருக்காது. எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

முகவரியைத் தட்டியதும் பிரவுசர் முதலில் விலாசம் விசாரிக்கிறது. ஆட்டோவில் ஏறி மாசி வீதி என்றால், கீழமாசியா மேலமாசியா என்று கேட்பார்கள் அல்லவா? கணினிக்கும் பெயர் மட்டும் போதாது, ஐபி எண் வேண்டும். அதைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். சர்வர் என்றால் கேட்டதற்குப் பதில் தரும் கணினி. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். தளத்தைக் கண்டறிய முடியவில்லை என்று வரும்.

எண் கிடைத்ததும் பிரவுசர் அந்தத் தளம் இருக்கும் சர்வரின் 443ஆம் போர்ட்டுக்கு, அதாவது பாதுகாப்பான இணைப்புக்கான வாசலுக்குப் போகிறது. பேசலாமா, பேசலாம், சரி என்று மூன்று சிறு செய்திகள். பிறகு சர்வர், தான் அந்தத் தளம்தான் என்பதற்கான சான்றிதழைக் காட்டும். அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பேட்டரி முழுக்கத் தீர்ந்து, போனின் தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால், நல்ல தளத்தைக்கூடப் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் தடுத்துவிடும். தடையைத் தாண்டிப் போகாதீர்கள். தேதியைத் தானியங்கிக்கு மாற்றுங்கள், போதும்.

இதற்கெல்லாம் நேரம் ஆகிறது. இணையக் கேபிளின் கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். மதுரையிலிருந்து சென்னை சர்வருக்குப் போய்வர ஐந்து மில்லிசெகண்ட் போதும். அமெரிக்காவில் இருந்தால் 130க்குக் குறையாது. நடப்பில் 200க்கு மேலும் ஆகும். இணைப்பு, சான்றிதழ், கோரிக்கை என்று மூன்று முறை போய்வந்த பிறகுதான் பக்கத்தின் முதல் எழுத்தே வரும். ஆகவே ஸ்பீடு பேக் போட்டாலும் இந்தத் தாமதம் குறையாது.

கடைசியில் சர்வர் ஓர் எண்ணோடு பதில் தரும். 200 என்றால் சரி. 4இல் தொடங்கினால் நாம் கேட்டதில் பிழை. 404 வந்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, அந்தப் பக்கம்தான் இல்லை. 5இல் தொடங்கினால் கோளாறு அவர்கள் பக்கம். முடிவு நாளில் வருவது பெரும்பாலும் 503, தாங்க முடியாத கூட்டம். ரீஃப்ரெஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிய கோரிக்கை வரிசையில் சேர்கிறது. பத்து நிமிடம் பொறுங்கள். எஸ்எம்எஸ்ஸில் முடிவு வரும் என்று அறிவித்திருந்தால் அதைப் பாருங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நீங்கள் அனுப்பியது சர்வருக்குச் சேர்ந்து, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பார்க்காமல் பட்டனை இரண்டாம் முறை அழுத்தாதீர்கள்.