ஜொகூர் பாருவில் வீடு வாங்கினேன், விற்றேன்: நடந்த கணக்கு

வணக்கம் எல்லாருக்கும். போன வாரம், சிங்கப்பூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் வரும் மலேசிய நகரமான ஜொகூர் பாருவின் சந்தை வீடியோ போட்டேன் இல்லையா, அதில் போகிற போக்கில் "இங்கே எங்களுக்கு ஒரு வீடு இருந்தது" என்று சொல்லிவிட்டேன். சந்தையைப் பற்றி யாருமே கேட்கவில்லை. இருந்தது என்றால் இப்போது இல்லையா, ஏன் விற்றீர்கள், சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே ரயில் வரப்போகிறதே, இப்போது வாங்கலாமா என்று அத்தனை பேரும் வீட்டைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதனால் இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை. மேசையில் அந்த வீட்டுக் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள், உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 5 ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது. 2015 தொடக்கத்தில், மாமியார் வீட்டை விற்றதில் கணவருக்கு வந்த பங்கும் எங்கள் சேமிப்புமாகக் கையில் ஒரு தொகை இருந்தது. இங்கே இரண்டாவது வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி அப்போது குடிமக்களுக்கு 7 விழுக்காடு, இப்போது அது 20. கடற்பாலத்தைத் தாண்டினால் அதே பணத்துக்குக் கடலைப் பார்த்த மாடி, நீச்சல் குளம், மூன்று படுக்கையறை. நாங்கள் மயங்கியதில் ஆச்சரியமே இல்லை.

ஜொகூரில் வெளிநாட்டவர், ஒரு சில பகுதிகளைத் தவிர, 1 மில்லியன் ரிங்கிட்டுக்குக் குறைந்த விலையில் வீடு வாங்க முடியாது. இதை எல்லா முகவர்களும் சொல்வார்கள், ஏதோ பதிவுக் கட்டணம் மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குக் காட்டிய வீடு சரியாக 1 மில்லியன். பக்கத்துக் கட்டடத்தில் 1 மில்லியன் 20 ஆயிரம். அந்த வரம்பை ஒட்டியே விலை வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரிய நாலு வருடம் ஆனது.

புரியவைத்தது எதிர் வீட்டில் மகனோடு தங்கியிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இந்த வெலைக்கு நம்மாளுங்க யாரும் வாங்க மாட்டாங்கம்மா, இந்தக் காசுக்கு இங்க ரெண்டு தரை வீடு வந்துரும்" என்றார். அவர் "நம்மாளுங்க" என்றது மலேசியர்களை. அதாவது நான் நாளைக்கு விற்கப் போனால் உள்ளூர்க்காரர் அந்த விலைக்கு வாங்க மாட்டார். வாங்கினால் என்னைப் போல இன்னொரு வெளிநாட்டவர்தான் வாங்க வேண்டும். அவரிடமும் 1 மில்லியனுக்குக் கீழே இறங்கி விற்க முடியாது, ஏனென்றால் சட்டம் அவரை வாங்க விடாது. வீடு வாங்கும்போது இந்தப் பக்கத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2022இல் விற்பனைக்குப் போட்டோம். மூன்று வருடம். வந்து பார்த்த வெளிநாட்டவர்கள் எல்லாரும் முத்திரை வரியைக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் வாங்கியபோது எல்லாருக்கும் ஒரே படிநிலைதான்: முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 3. ஆக 1 மில்லியனுக்கு 24,000 ரிங்கிட் கட்டினேன். 2024 முதல் வெளிநாட்டவருக்கு மட்டும் மொத்த விலைக்கும் 4 விழுக்காடு என்று மாற்றினார்கள், 40,000. 2026 தொடக்கத்திலிருந்து குடியிருப்பு வீடுகளுக்கு அது 8 விழுக்காடு. இன்றைக்கு நீங்கள் அதே வீட்டை வாங்கினால் 80,000 ரிங்கிட் வரியாகவே போகும், வழக்கறிஞர் செலவும் மாநில ஒப்புதல் கட்டணமும் தனி. மலேசியா தன் மக்களுக்கு வீடு கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை, இங்கே நம் அரசாங்கம் வெளிநாட்டவரிடம் 60 விழுக்காடு வாங்குகிறது. ஆனால் வாங்குகிற நாம் அந்தப் போக்கைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறும், மாற்றுகிறவர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை.

கடைசியில் 2025இல் ஓர் உள்ளூர்க் குடும்பம் வாங்கியது. 820,000 ரிங்கிட்.

சரி, 180,000 ரிங்கிட் நட்டம், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். இல்லை. நாங்கள் பணம் கட்டியபோது ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு, 2 ரிங்கிட் 70 சென். 1 மில்லியனுக்கு ஏறத்தாழ 370,000 வெள்ளி இங்கிருந்து போனது. விற்ற பணத்தைக் கொண்டுவந்தபோது ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட் 30 சென், கையில் வந்தது ஏறத்தாழ 248,000 வெள்ளி. நட்டம் 122,000 வெள்ளி. வீட்டு விலையே இறங்காமல் 1 மில்லியனுக்கே விற்றிருந்தாலும் 67,000 வெள்ளி போயிருக்கும். வாரா வாரம் அந்தப் பக்கம் போய்ப் பெட்ரோல் போட்டு, மீன் வாங்கி, ரிங்கிட் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்ட அதே வருடங்களில் எங்கள் வீடு கரைந்துகொண்டிருந்தது, அதை நாங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று, விற்பவர் வெளிநாட்டவர் என்றால் விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வரி வாரியத்தில் கட்டிவிடுவார்கள். எங்களிடம் 7 விழுக்காடு பிடித்தார்கள், 57,400 ரிங்கிட். லாபமே இல்லை, அதனால் வரியும் இல்லை, பணம் திரும்பி வந்தது, ஆனால் மாதக்கணக்கில் காத்திருந்தோம். லாபம் வந்தால் வெளிநாட்டவருக்கு முதல் 5 ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, அதற்குப் பிறகு 10. இரண்டு வருடத்தில் வாங்கி விற்றுவிடலாம் என்று எழுதியிருந்த தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தத் தாளைப் பாருங்கள். இது நிலப் பட்டா, பேச்சில் கெரான் என்பார்கள். பெயரை மறைத்திருக்கிறேன். இங்கே மேலே பஜாக்கான் என்று இருக்கிறது, குத்தகை நிலம், அதன் பக்கத்தில் எந்த ஆண்டு முடிகிறது என்று தேதி. விளம்பரத்தில் 99 ஆண்டு என்று போட்டிருப்பார்கள், அந்த 99 நிலத்தைக் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் சாவி வாங்கிய நாளிலிருந்து அல்ல. அப்புறம் கீழே இந்தச் சின்ன எழுத்து, செகாத்தான் கெப்பந்திங்ஙான், அதாவது உரிமைக் கட்டுப்பாடு. மாநில அதிகாரத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்பது மாதிரி நிபந்தனைகள் எல்லாம் இந்த ஒரு வரியில்தான் இருக்கும். வெளிநாட்டவர் என்றால் தேசிய நிலச் சட்டம் 433பி பிரிவுப்படி எப்படியும் மாநில ஒப்புதல் வேண்டும், எங்களுக்கு அது வர 5 மாதம் ஆனது. பூமிபுத்ரா (மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்) ஒதுக்கீட்டு வீடு என்றாலோ மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றாலோ நமக்கு இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நில அலுவலகத்தில் தேடல் போட்டு இந்தத் தாளின் நகலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கட்டுமான நிறுவனம் இலவசமாகத் தருகிற வழக்கறிஞர் அந்த நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர், உங்கள் கைக்காசைப் போட்டு உங்களுக்கென்று ஒருவரைப் பிடியுங்கள்.

கட்டடத்தையும் பாருங்கள், ஆனால் பகலில் முகவரோடு மட்டும் போகாதீர்கள். வாங்கி இரண்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நான் கார் நிறுத்துமிடத்தில் நின்று விளக்கெரிகிற ஜன்னல்களை எண்ணினேன். எங்கள் பக்கத்து முகத்தில் 20 மாடி, மாடிக்கு 8 வீடு, மொத்தம் 160. எரிந்தது 31. ஆள் இல்லாத வீட்டுக்காரர்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில் சுணங்குகிறார்கள், பணம் வராவிட்டால் நிர்வாகம் முதலில் கைவைப்பது மின்தூக்கியில். 4இல் 2 தான் ஓடியது. நாங்கள் மாதம் 450 ரிங்கிட்டும் அதில் 10 விழுக்காடு இருப்புநிதியுமாக 495 கட்டிக்கொண்டே இருந்தோம், குளத்துத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. முதல் தடவை பார்க்கப் போன அன்றே ராத்திரி வரை இருந்து எண்ணியிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

நிரந்தரவாசிகளுக்கு ஒரு விஷயம், நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. நீங்கள் வீவக மறுவிற்பனை வீடு வாங்கினால், வெளிநாட்டில் உங்கள் பெயரில் இருக்கும் வீட்டை 6 மாதத்துக்குள் விற்றாக வேண்டும். வெளிநாடு என்றால் ஜொகூர் மட்டும் இல்லை. குடிமக்கள் என்றால் வீவக வீட்டில் அந்த 5 ஆண்டுக் குடியிருப்புக் காலம் முடிவதற்குள் வெளிநாட்டில் தனியார் வீடு வாங்கக் கூடாது. மத்திய சேமநிதியை வெளிநாட்டு வீட்டுக்கு எடுக்கவும் முடியாது, முழுக்கக் கைக்காசு அல்லது கடன்.

ரயிலுக்கு வருகிறேன். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு 4 கிலோமீட்டர், 5 நிமிடம், குடிநுழைவுச் சோதனை ஏறுகிற இடத்திலேயே முடிந்துவிடும். கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் நின்றவள் நான், அதனால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குத் தெரியும். அங்கேயே வாழப் போகிறீர்கள் என்றால், பிள்ளை பள்ளிக்கும் நீங்கள் வேலைக்கும் அந்த ரயிலில்தான் தினமும் வரப் போகிறீர்கள் என்றால், கணக்கு வேறு. அப்போதும் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே கட்டடத்தில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பேன். காலியாக இவ்வளவு வீடு இருக்கும்போது வாடகை உங்கள் பக்கம்தான் சாயும். விலை ஏறும் என்று மட்டும் நம்பி வாங்குவதாக இருந்தால், வேண்டாம், நான் என் தங்கைக்கும் இதையேதான் சொன்னேன்.

கெரானில் மற்ற வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த வாரம் இதே மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுகிறேன். யாராவது ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், உங்கள் நகலை வாங்கி அந்தச் சின்ன எழுத்தை இன்றைக்கே படித்துவிடுங்கள்.