ஞாயிறு ஓட்டத்துக்கு நிதானமே துணை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் ரயில் பிடித்து இந்த மாட்டுங்கா அரங்குக்கு வந்திருக்கும் மும்பைத் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர், ஞாயிறு அதிகாலையில் ஓடும் நெடுந்தூரப் பயிற்சியான லாங் ரன்னை வேகமாக ஓட வேண்டுமா, நிதானமாக ஓட வேண்டுமா? இதுதான் தலைப்பு. நிதானமாகத்தான் ஓட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பந்தயத்தில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று இலக்கு வைத்தவர், பயிற்சியில் ஏழரை நிமிடத்தில் ஓடினால் 16 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. பந்தய வேகத்தில் ஓடியிருந்தால் 96 நிமிடம். ஆக, 24 நிமிடம் வீண் என்றார். கணக்கு சரி. வீண் என்றாரே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த 24 நிமிடமும் உடம்பு சும்மா இருக்கவில்லை. மூச்சு இரைக்காமல் நெடுநேரம் ஓடும்போதுதான் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு சக்தியை உண்டாக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. கொழுப்பை எரித்து ஓடவும், உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனைக் கடைசிக் கிலோமீட்டர்களுக்கு மிச்சம் வைக்கவும் உடம்பு பழகுகிறது. இதற்கெல்லாம் உடம்பு கேட்பது நேரத்தை. அந்த நேரத்தைத்தான் எதிரணி மிச்சம் பிடிக்கச் சொல்கிறது!

இன்னொன்று, இதுதான் முக்கியம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநார்களும் எலும்பும் அப்படி இல்லை. தசைநாருக்குப் போகும் ரத்த ஓட்டமே குறைவு. அது உறுதிப்பட மாதக் கணக்கில் ஆகும். மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் வேகத்தைக் கூட்டுவார். அப்புறம் ஒருநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்று ஊசி குத்தும். அல்லது முழங்காலுக்குக் கீழே எலும்போரமாக விரலால் தொட்டாலே வலிக்கும். இரண்டு மூன்று வாரம் ஓட முடியாது. 24 நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வாரத்தைத் தொலைத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள்.

அப்புறம் நம் ஊர். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது; அங்கே அதிகாலையில் குளிர்ந்த காற்று உண்டு. நாம் கடலோரம் ஓடுகிறோம். ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானுக்கு மழைக்காலத்தில் பயிற்சியைத் தொடங்குகிறோம். தூரத்தைக் கூட்டுகிற நேரத்தில் அக்டோபர் புழுக்கம் வந்துவிடுகிறது. காலை ஐந்து மணிக்கு வெயிலே கிடையாது, ஆனால் சட்டை நுனியிலிருந்து சொட்டுகிறது. பத்து கிலோமீட்டர் தாண்டினால் சாக்ஸ் நனைந்து, அடிக்கு அடி ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் வியர்வை உலர வழியில்லை, உடம்பு குளிர வழியில்லை. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது. அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் கடிகாரத்தில் ஆறு நிமிடம் தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது பயிற்சியே அல்ல, உடம்போடு சண்டை.

"வேகமாக ஓடாதவன் எப்படி ஜெயிப்பான்?" என்று கேட்டார்கள். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓட்டக்காரர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகும் பந்தயம் அது. அவரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் 22 மைல், அதாவது ஏறத்தாழ 35 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமான பாதையில் ஓட வைத்தார் லிடியார்ட். பந்தய வேகத்தில் அல்ல. அவரவர் தாங்கக்கூடிய வேகத்தில். அந்த ஸ்னெல் 1960இல் ரோமில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். இரண்டு நிமிடப் பந்தயக்காரருக்கே அந்தப் பொறுமை தேவைப்பட்டது என்றால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடப்போகிற நமக்கு?

எங்கள் குழுவில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஓர் அக்கா வருகிறார். வாரத்தில் ஆறு நாள் டிபன் கடை. அரிசி ஊறப்போடுவதிலிருந்து கல்லாவில் உட்காருவது வரை எல்லாம் அவர்தான். ஞாயிறு ஒருநாள்தான் அவருக்கு. ஃபைவ் கார்டன்ஸில் இருட்டோடு ஒன்றுகூடி, சிவாஜி பார்க் வழியாக வொர்லி கடற்கரைச் சாலை வரை போவோம். அக்கா பேசிக்கொண்டே ஓடுவார்: மகனின் பிளஸ் டூ, திருநெல்வேலியில் விற்காமல் கிடக்கும் மனை, கேஸ் சிலிண்டர் விலை. அவர் பேச்சு நடுவில் துண்டுபட்டால் நாங்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுவோம். அவர்தான் எங்கள் ஹார்ட் ரேட் வாட்ச். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் லாங் ரன்னுக்குச் சரியான வேகம் என்று பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள்.

வேகமாக ஓடும் குழு மூன்றாவது கிலோமீட்டரிலேயே சிதறிவிடும். கடைசியில் வருகிறவர் இருட்டில் தனியாக ஓடுவார். அது பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். நடுவர் அவர்களே, இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். விடியாத நேரத்தில் ஒரு பெண் நம்பி வீட்டை விட்டு இறங்குகிறார் என்றால், கூட ஓடுகிறவர்கள் தன்னை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்கிற உறுதிதான் அதற்குக் காரணம்.

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று எதிரணி நண்பர் பழமொழி சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். பதறாத காரியம் சிதறாது என்றும் நம் பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள். அது இருக்கட்டும். நாங்கள் வேகத்துக்கு எதிரிகள் இல்லை. செவ்வாய்க்கிழமை, வேகமாக ஓடி இளைப்பாறி மறுபடி வேகமாக ஓடும் இன்டர்வல் ஓடுங்கள்; வியாழக்கிழமை, சற்றுக் கடினமான வேகத்தை விடாமல் பிடித்து ஓடும் டெம்போ ஓடுங்கள். பந்தயம் நெருங்கும்போது லாங் ரன்னின் கடைசி மூன்று கிலோமீட்டரைப் பந்தய வேகத்தில் முடித்துப் பாருங்கள், அதிலும் தவறில்லை. பந்தயப் பாதையில் ஹாஜி அலி தாண்டிப் பெடர் ரோடு ஏற்றம் ஏறுவதற்குக் காலில் பலம் வேண்டும்தான்.

அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரிக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பந்தய வேகத்தில் 16 கிலோமீட்டர் ஓடிய உங்கள் அணியினர், செவ்வாய்க்கிழமை இன்டர்வலை எந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்? அவர் பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.