வேலூர் வெயிலும் உயிரணுவின் தற்காப்பும்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மரபணுவின் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு அக்னி நட்சத்திர காலத்து வேலூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நண்பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் இம்மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் உழைப்பவரின் உடல், வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே நேரத்தில் உயிரணுக்களுக்குள் நடைபெறும் மற்றொரு தற்காப்பைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

புரதங்களை உருவாக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் நம்மிடம் உள்ளன. கல்லீரல் அணுவிலும் நரம்பணுவிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தாம். ஆயினும் ஒன்று பித்தநீர் சுரக்கிறது, மற்றொன்று செய்தி கடத்துகிறது. ஏனெனில் மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. எப்போது, எங்கே, எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்கு உயிரணு தரும் விடையில்தான் உடலியங்கியலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு வெப்பமே நல்ல எடுத்துக்காட்டு. இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்னும் ஆய்வாளர் பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆய்வகத்து வெப்பப் பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட்டார்கள். ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குரோமோசோம்களில் அதுவரை காணாத சில இடங்கள் உப்பியிருந்தன. அவ்விடங்களில் மரபணுக்கள் விழித்துக்கொண்டன என்பதே அந்த உப்பலின் பொருள். 1962இல் அவர் அதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் 1974இல்தான் கண்டறியப்பட்டன. 25 டிகிரியில் வாழும் அந்த ஈக்கு 37 டிகிரி பெருஞ்சூடு; நமக்கோ அதுவே இயல்பான உடல் வெப்பம்.

புரதம் தனக்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு மிகும்போது அந்த மடிப்பு நெகிழ்ந்து, உள்ளே மறைந்திருக்க வேண்டிய பகுதிகள் வெளியே தெரிய, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நீர்க்காததற்குக் காரணம் இதுவே. அந்நிலை நேராதபடி, நெகிழ்ந்த புரதத்தைப் பற்றிக்கொண்டு மீண்டும் மடிய உதவுவனவற்றை 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்கிறோம். தலைவி தடுமாறும்போது உடனிருந்து தாங்கும் அகத்திணைத் தோழியை நினைத்து, நான் இவற்றைத் தோழிப் புரதங்கள் என்றே வகுப்பில் சொல்வது வழக்கம்.

இவற்றை அளந்து உண்டாக்கும் முறைதான் என்னைப் பல ஆண்டுகளாக வியப்பில் ஆழ்த்தி வருகிறது. தோழிப் புரதங்களின் மரபணுவைத் திறக்கும் எச்.எஸ்.எஃப்.1 என்னும் புரதத்தை, அமைதியான காலத்தில் தோழிப் புரதங்களே பிடித்து வைத்திருக்கின்றன. சூட்டில் பிற புரதங்கள் நெகிழத் தொடங்கியதும் தோழிகள் அவற்றை நோக்கிச் சென்றுவிட, விடுபட்ட எச்.எஸ்.எஃப்.1 மும்மூன்றாக இணைந்து, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் அமர்கிறது. புதிய தோழிகள் போதிய அளவு பெருகியதும் அவை எச்.எஸ்.எஃப்.1ஐ மீண்டும் பிடித்துக்கொள்ள, உற்பத்தி தணிகிறது. வெப்பத்தை அளக்கத் தனிக் கருவி எதையும் உயிரணு இங்கே வைத்துக்கொள்ளவில்லை. குலைந்த புரதங்களின் அளவே அதற்கு அளவுகோல். மேலும், பழ ஈயில் இம்மரபணுவைப் படியெடுக்கும் நொதி, நுகம் பூட்டி நிற்கும் காளையைப் போல, தொடக்கத்திலேயே டி.என்.ஏ.வின் சில எழுத்துகளைக் கடந்து காத்து நிற்கிறது. அதனால்தான் சில நிமிடங்களில் வேலை தொடங்கிவிடுகிறது.

வெயிலில் ஓரிரு வாரம் தொடர்ந்து உழைத்த உடலில் வியர்வை விரைவில் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, உயிரணுக்களில் தோழிப் புரதங்களின் இருப்பும் கூடுகிறது. முதுமையில் இந்தத் தற்காப்பு மந்தமாகிறது. கோடையில் வீட்டுப் பெரியவர்களை நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது, எவ்வளவு என்பனவற்றை வெப்பம் காட்டியது. எங்கே என்பதற்கு விடை தேட நாம் இந்த ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஹீமோஃபிலியா ஏ நோயில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணிப் புரதம் போதிய அளவு இருப்பதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், நோயாளிகளின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களை, அதாவது இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணுக்களை எடுத்து, அப்புரதத்துக்கான மரபணுவை வைரஸ் வழியாக அவற்றில் சேர்த்து, உடலுக்குள் திரும்பச் செலுத்தினார்கள். அம்மரபணுவின் முகப்பில் அவர்கள் வைத்தது சி.டி.68 என்னும் மரபணுவின் தொடக்கப் பகுதி. அது மோனோசைட் வகை வெள்ளணுக்களில் மட்டுமே சிறப்பாக இயங்கும். ஆகவே சேர்த்த மரபணு ஸ்டெம் செல்லில் பெரிதும் உறங்கிக் கிடந்து, அதன் வழித்தோன்றலான மோனோசைட்டில் விழித்துக்கொள்கிறது. 2024 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில் ஐந்து பேர் இச்சிகிச்சை பெற்றிருந்தார்கள். செலுத்திய அணுக்கள் வேர்பிடித்த பின், கண்காணிப்புக் காலத்தில் அவர்களில் ஒருவருக்கும் நோயின் இரத்தக்கசிவு ஏற்படவில்லை.