மழைக்கு மறுநாள் வாய் பிளக்கும் மீன்

வணக்கம் நேயர்களே. நம் மலேசியாவின் பத்து காஜா ஊர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் ஈயக்குட்டையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து நாள் வெயில் காய்ந்து, ஒரு ராத்திரி மழை கொட்டித் தீர்த்தால், காலையில் குட்டைத் தண்ணீர் நிறம் மாறி, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும், நாங்கள் லயத்துப் பிள்ளைகள் வாளியோடு ஓடுவோம். கையாலேயே அள்ளலாம்.

வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடும், அடித்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இரண்டும் கலக்காததால் அடியில் பிராணவாயு தீர்ந்துபோகும். மழை மேல்தண்ணீரைக் குளிரவைத்ததும் அடித்தண்ணீர் மேலே வருகிறது. இதை நினைவில் வையுங்கள், அடித்தண்ணீர் மேலே வருகிறது.

அந்த அடியில் பாதரசம் கிடந்தால்? பிராணவாயு இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உடம்பில் ஏறினால் லேசில் இறங்காத சாமான் அது. நியூயார்க் மாநிலத்து ஒனண்டாகா ஏரியில் கோடை முழுக்க அடியில் சேர்ந்தது, இலையுதிர் காலத்தில் ஏரி கலக்கும்போது மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளுக்குள் ஏறியது. அவற்றைத் தின்ற குஞ்சு மீனுக்கும் போனது. 2011 முதல் அடித்தண்ணீரில் நைட்ரேட் சேர்த்தார்கள், மெத்தில் பாதரசம் குறைந்தது.

இன்னொரு கதை, இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். கலிபோர்னியாவில் கிளியர் ஏரி. கொசு மாதிரிப் பூச்சித் தொல்லைக்கு 1949, 1954, 1957 என்று மூன்று தடவை மருந்து ஊற்றினார்கள். 1954இல் ஊற்றியது 5 கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். நம் ஆட்கள் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்கள், இது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. அப்புறம் சோதித்தபோது தண்ணீரில் மருந்தே இல்லை. மிதவை உயிர்களில் 10 லட்சத்துக்கு 5 பங்கு, பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு! தண்ணீரை மட்டும் சோதித்திருந்தால் ஏரி சுத்தம் என்று எழுதியிருப்பார்கள். வயிற்றுக்கு வயிறு ஏறுகிறது, நேயர்களே, வயிற்றுக்கு வயிறு.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. நம் குட்டையைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, யாராவது சோதித்தால் மீன் பிடித்த மாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் பிடித்ததும் மழைக்குப் பிறகு பிடித்ததும் ஒன்றல்ல. தோமான் மாதிரி மீனைத் தின்னும் பெரிய மீனில்தான் அதிகம் சேரும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் பாதரசம் போகாது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு அந்தப் பெரிய மீன் வேண்டாம், சின்ன மீனாகப் பார்த்துக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.