கால்ல கட்டுற அந்த சீட்டு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மியூசியத்துல பாடம் பண்ணி வச்ச பறவையோட கால்ல நூல்ல கட்டி ஒரு சின்ன லேபிள் தொங்கும் பாத்திருப்பீங்க, எனக்கு அந்தப் பறவைய விட லேபிள்தான் பெரிசு.

ஏன்னு கேளுங்க. நியூகினி பக்கத்துல இருந்து சொர்க்கப் பறவையோட தோல் ஐரோப்பாவுக்கு வியாபாரத்துல போச்சு, பிடிச்சவங்க கால வெட்டிட்டுதான் பதப்படுத்துவாங்க, இந்த விவரம் கூடப் போகல, அதனால அங்க உள்ளவங்க இதுக்கு காலே கிடையாது தரையிறங்காம வானத்துலயே வாழுதுன்னு நம்பிட்டாங்க. 1758-ல உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் இதுக்கு வச்ச பேர்லயே 'அபோடா', காலில்லாததுன்னு இருக்கு, இன்னைக்கும் அதே பேர்தான்!

காட்டுல பறவைய பாடம் பண்ணி லேபிள் கட்டுற வேலை லேசுப்பட்டது இல்ல. அந்த ஈர வெக்கையில காலைல கிடைச்ச பறவை சீக்கிரமே அழுக ஆரம்பிச்சிடும். வயித்துப் பக்கம் கீறி, தோல இறகு கலையாம உரிச்சு, உள்பக்கம் பூச்சி அரிக்காம ஆர்செனிக் விஷம் தடவி, பஞ்சு வச்சு தைக்கணும். எறும்பு வேற, மேசைக் கால தண்ணிப் பாத்திரத்துல நிறுத்தலன்னா எல்லாம் போச்சு. ஆனா கத்திய எடுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு நிறம், கால் நிறம் எழுதிடணும், செத்தப்புறம் அது மங்கிடும், பின்னாடி யாராலயும் சொல்ல முடியாது.

டார்வினே 1835-ல கலாபகஸ்ல பிடிச்ச குருவிகள்ல எது எந்தத் தீவுன்னு சரியா குறிக்கல, அப்புறம் கப்பல்ல கூட வந்தவங்க சேர்த்தத பாத்துதான் சரிபண்ண வேண்டியிருந்துச்சு. அதே காலத்து இயற்கை ஆய்வாளர் வாலஸ் அப்படி விடல. 1854-ல இருந்து 1862 வரை மலாய் தீவுகள்ல 1,25,660 உயிரின மாதிரிகள சேர்த்தாரு, பறவை மட்டுமே 8,050. எந்த இடம்னு எழுதி வச்சதாலதான், பாலித் தீவுல மரங்கொத்தி, குக்குறுவான், ஒரு சின்ன ஜலசந்தி தாண்டி லொம்பொக் தீவுக்குப் போனா ஆஸ்திரேலியா பக்கத்து கொண்டைக்கிளின்னு, ஆசியா பக்கத்து உயிரினங்களையும் ஆஸ்திரேலியா பக்கத்து உயிரினங்களையும் பிரிக்கிற கோடு அவருக்குப் புலப்பட்டுச்சு.

இதுல எனக்கு மனசு ஆறாத ஒண்ணு இருக்கு. போர்னியோ தீவுல இருக்கற சரவாக்ல வாலஸ்கிட்ட சமையலுக்குன்னு சேர்ந்த அலிங்கற பையன் சுடறது, தோல் உரிக்கறது எல்லாத்துலயும் கைதேர்ந்துட்டான். 1858-ல பச்சான் தீவுல ரெண்டு தோள்ல இருந்தும் ஜோடி ஜோடியா நீள வெள்ள இறகு, மார்புல மினுமினுன்னு பச்சை, அதுவரை விஞ்ஞானிகளுக்குத் தெரியாத ஒரு பறவையக் கொண்டுவந்து குடுத்தது அவன்தான். ஆனா அந்தப் பறவைக்கு வச்சது வாலஸோட பேரு. 1862-ல கிளம்பறதுக்கு முன்னாடி சிங்கப்பூர்ல வாலஸ் அவன ஒரு போட்டோ எடுக்க வச்சாரு, அது இன்னும் இருக்கு. அதுல கோட்டு போட்டுட்டு இருக்கான்.